ரயில் பாதைகளை ஒன்றாக்கிய கோபாலஸ்வாமி அய்யங்கார்

புதுவையில் சாரத்திலிருந்து ரயிலேறப் புறப்படுகிறவர் நகரைக் கடந்து தென்கோடியிலுள்ள ஸ்டேஷனை அடைய வேண்டும். இன்று அங்கே காணப்படும் தெற்கு ரயில்வே என்ற பெயர் ஆதியில் இருந்ததன்று. 1879-ல் விழுப்புரத்திலிருந்து பாதை வந்தபோது, புதுவை எல்லைக்குள் நிலம் பிரெஞ்சு ராஜாங்கத்துடையது. தண்டவாளம் லண்டன் முதலாளிகளின் புதுச்சேரி ரயில்வே கம்பெனியுடையது. வண்டியை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே கம்பெனி. சில மைல் பாதைக்கு மூன்று எஜமானர்கள்!

புதுவையில் கண்ட இந்த விசித்திரமே பெரிய அளவில் தேசமெங்கும் நிலவியது. 1947-ல் அந்நிய ஆட்சி அகன்றபோது இந்தியாவில் 42 ரயில்வேக்கள் இருந்தன. சில சர்க்காருடையவை, சில கம்பெனிகளுடையவை, நிஜாம், மைசூர், ஜோத்பூர், பிகானீர் முதலிய சமஸ்தானங்கள் தத்தமக்கென வைத்திருந்தவை பல. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை, தனிப் பெயர், தனிச் சின்னம். இவற்றை ஒரே நிர்வாகத்தின் கீழ் ஆறு பெயர்களுக்குள் அடக்கியவர் ஒரு தமிழர். ஸ்ரீ என். கோபாலஸ்வாமி அய்யங்கார் என்றால் காஷ்மீரத்தை நினைப்பவர்களே அதிகம். ரயிலை நினைப்பவர்கள் குறைவு.

1882-ல் தஞ்சை ஜில்லாவில் பிறந்த அவர், சென்னையில் சட்டம் பயின்று, பச்சையப்பன் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராயிருந்து, 1905-ல் சர்க்கார் உத்தியோகத்தில் டிப்டி கலெக்டராக அமர்ந்தார். கலெக்டர், ஸ்தல ஸ்தாபனங்களின் இன்ஸ்பெக்டர், ரெவினியூ போர்டு அங்கத்தினர் என்று படிப்படியாக உயர்ந்தார். 1937 முதல் 1943 வரை காஷ்மீர சமஸ்தானத்தின் பிரதம மந்திரி. ஸர் பட்டமும் பெற்றார். தேசபக்தர்கள் சிறையில் வாடிய காலத்தில் இவர் அந்நியருடைய சம்பளத்தை வாங்கிக் கொண்டிருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அந்தக் குறையை நம்மவர் பலர் கடைசி வரை மன்னிக்கவில்லை. ஆயினும் சுதந்திரம் வந்த பின் தேசத்துக்கு வேண்டியிருந்த சில வேலைகள் சிறை சென்றவர்களுக்குப் பழக்கமில்லாதவை. கணக்கு, விதி, உத்தியோகஸ்தர் தரவரிசை, சம்பள விகிதம் ஆகிய வறண்ட விஷயங்களில் நாற்பது வருஷம் ஊறியவர் ஒருவர் அப்போது தேவைப்பட்டார்.

1948-ல் ரயில்வே மந்திரிப் பதவி அவரிடம் வந்தது. பண்டித ஹிருதயநாத குன்ஸ்ரு தலைமையில் ரயில்வேக்களை ஆராய்ந்த கமிட்டி, ரயில்வேக்களைத் திருத்தி அமைக்கும் வேலையை ஐந்து வருஷம் தள்ளிப் போடலாம் என்று கருதியது. அந்த யோசனை அற்பமானதன்று. யுத்தத்தில் எஞ்சின்களும் வண்டிகளும் தேய்ந்து கிடந்தன; பிரிவினையால் பாதைகள் அறுபட்டு, அகதிகளின் பாரமும் சேர்ந்திருந்தது. நோயாளி எழுந்து உட்காரட்டும், பிறகு சிகிச்சை செய்யலாம் என்பதே அதன் தாத்பரியம்.

ஆனால் 1950 ஏப்ரல் 1-ந் தேதி சமஸ்தான ரயில்வேக்கள் மத்திய சர்க்கார் வசம் வந்ததும் நிலைமை மாறியது. தனியே நின்று பிழைக்க முடியாத சிறு பாதைகள் பல சர்க்காரின் கையில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம் வைத்துக் காப்பது வீண் செலவு. அய்யங்கார் காத்திருக்க இசையவில்லை. 1951 ஏப்ரல் 14-ந் தேதி தென்னிந்திய ரயில்வே, சென்னை-தென்மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் கலந்து தெற்கு ரயில்வே பிறந்தது. ஏறக்குறைய 6,000 மைல் பாதை ஒரு ஜெனரல் மானேஜரின் கீழ் வந்தது. நவம்பர் 5-ந் தேதி மத்திய, மேற்கு ரயில்வேக்களும், அடுத்த ஏப்ரல் 14-ந் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ரயில்வேக்களும் தோன்றின. ஒரே வருஷத்தில் வேலை முடிந்தது. தலைமை ஸ்தானத்திலும் மாறுதல்: 1951-ல் சீப் கமிஷனர் பதவி ஒழிந்து, ரயில்வே போர்டுக்கு அதன் அங்கத்தினரில் ஒருவரே தலைவரானார்.

பெயர்களைக் கவனியுங்கள். கம்பெனி பெயர் இல்லை, மன்னர் பெயர் இல்லை, மாகாணப் பெயருமில்லை; வெறும் திசைகள். கவிதையற்ற பெயர்கள்தாம். ஆனால் எந்தப் பிரதேசமும் இன்னொரு பிரதேசத்தின் பெயரைச் சுமந்து நிற்க வேண்டியதில்லை என்ற நன்மை அதிலிருந்தது.

கஷ்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. பிரிவுகள் தங்களை விட்டுப் போவதை எதிர்த்து வங்காளத்தில் கூக்குரல் எழுந்தது. நமது திருச்சியும் நஷ்டமடைந்தது: தென்னிந்திய ரயில்வேயின் தலைமைக் காரியாலயம் இருந்த ஊர், சென்னைக்கு அடுத்த படியில் நிற்க நேர்ந்தது. பொன்மலைத் தொழிற்சாலை தங்கியது ஆறுதல். பெயர் ஒன்றானதும் எல்லாம் ஒன்றாகிவிடவுமில்லை. எழும்பூரில் மீட்டர் கேஜில் வந்திறங்கிய புதுவைப் பிரயாணி, கல்கத்தா போக மூட்டையுடன் சென்ட்ரலுக்கு ஜட்கா பிடிக்கவே வேண்டியிருந்தது. தண்டவாளத்தின் அகலத்தை மந்திரி உத்தரவு மாற்றிவிடாது.

மண்டலங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை என்ற குற்றச்சாட்டும் பிற்காலத்தில் மெய்யாயிற்று. 1955-லேயே கிழக்கிலிருந்து தென்கிழக்கு பிரிந்தது. தெற்கிலிருந்து 1966-ல் தென்மத்திய ரயில்வேயும், 2003-ல் ஹூப்ளியைத் தலைமையாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயும் பிரிந்தன. மைசூர்ப் பாதைகள் அதோடு மீண்டும் போயின. ஆனால் பிரிந்தவை கம்பெனிகளாகவோ சமஸ்தானச் சொத்தாகவோ திரும்பவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இங்கே ஒரு விந்தை. காஷ்மீரத்துக்குத் தனி அந்தஸ்து அளித்து, 2019-ல் செயலற்றுப் போன அரசியல் சட்டத்தின் 370-வது ஷரத்தை 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தவரும் இவரே. அங்கே விட்டுக் கொடுத்து இணைப்பைக் காக்க முயன்றவர், ரயிலில் மட்டும் எந்தச் சமஸ்தானத்துக்கும் விதிவிலக்கு அளிக்கவில்லை. சட்டத்தில் வித்தியாசத்துக்கு இடமுண்டு, டைம் டேபிளில் இல்லை என்று அவர் எண்ணினார் போலும்.

1952-ல் ரயில்வே இலாகாவை ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியிடம் விட்டு, பாதுகாப்பு மந்திரியானார். 1953 பிப்ரவரி 10-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது புதுவையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. ஆனால் விழுப்புரத்திலிருந்து தினந்தோறும் வந்து நின்ற வண்டி இரண்டு வருஷமாகத் தெற்கு ரயில்வேயின் வண்டி. கொடி இறங்கியது 1954 நவம்பர் 1-ந் தேதி.