சொய்சிரோ ஹோண்டா

சொய்சிரோ ஹோண்டா (நவம்பர் 17, 1906 - ஆகஸ்ட் 5, 1991) ஜப்பானியப் பொறியாளரும் தொழிலதிபரும் ஆவார். ஹோண்டா மோட்டார் நிறுவனத்தைத் தோற்றுவித்த இவர், தானுந்து பழுதுபார்ப்பவராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பொறியியல் பட்டம் பெற்றவரல்லர்.

இளமை

ஷிசுவோக்கா மாகாணத்தில், இன்று ஹமாமட்சு நகரத்துள் அடங்கும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லர், மிதிவண்டிகளையும் பழுதுபார்த்தார். 1922இல் பள்ளிப் படிப்பை முடித்ததும் டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்னும் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதே. 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், தீயில் கருகிய வண்டிகளை மீண்டும் ஓடச்செய்ததில் அவரது கைத்திறன் வளர்ந்தது. 1928இல் அப்பட்டறையின் கிளையை ஹமாமட்சுவில் தொடங்கினார்.

பிஸ்டன் வளையமும் கல்லூரியும்

பட்டறை நன்கு நடந்தபோதும், 1930களின் பிற்பகுதியில் பிஸ்டன் வளைய உற்பத்தியில் இறங்கினார். எஞ்சினில் எரியும் வளிமம் பிஸ்டனைச் சுற்றிக் கசியாமல் காப்பது இவ்வளையம். பார்வைக்கு எளிய பொருளாயினும், அது வில்போல் வளைந்துகொடுக்கவும் வேண்டும், தேய்மானத்தைத் தாங்கவும் வேண்டும். ஹோண்டா வார்த்த வளையங்களோ பயன்படவில்லை. இரவுபகலாக உழைத்தும் காரணம் பிடிபடவில்லை. கண்ணுக்கும் கைக்கும் எட்டும் குறையைத் தேடியே அவர் பழகியிருந்தார். இக்குறை உலோகத்தின் சேர்மானத்தில் இருந்தது. ஹமாமட்சு தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வளையத்தைப் பகுத்தாய்ந்து, சிலிக்கன் போதவில்லை என்று கண்டார்.

ஏறத்தாழ முப்பது வயதில், தம்மிலும் மிக இளையோருடன் அக்கல்லூரியில் பகுதிநேர மாணவராக ஹோண்டா அமர்ந்தார். தமக்குத் தேவையான பாடங்களை மட்டும் கேட்டார். தேர்வுகளை எழுத மறுத்ததால் சான்றிதழ் கிடைக்கவில்லை. டொயோட்டாவின் சோதனைக்கு முதலில் அனுப்பிய 50 வளையங்களுள் 3 மட்டுமே தேறின. பின்னர் தரம் உயர்ந்து, அந்நிறுவனத்துக்கே வளையங்களை வழங்கினார்.

ஹோண்டா நிறுவனம்

போருக்குப் பின் மிதிவண்டிகளில் சிறு எஞ்சின்களைப் பொருத்தி விற்றார். 1948இல் ஹோண்டா மோட்டார் உருவானது. மறு ஆண்டு இணைந்த தக்கேயோ புஜிசாவா வணிகத்தையும் நிதியையும் கவனித்துக்கொண்டார். 1958இல் வெளிவந்த சூப்பர் கப் பெருவெற்றி கண்டது.

காற்றா, நீரா?

அனுபவத்தின் மேல் ஹோண்டா வைத்த நம்பிக்கை 1960களின் இறுதியில் அவருக்கே இடையூறாயிற்று. நீரையும் இறுதியில் காற்றே குளிர்விக்கிறது; ஆகவே எஞ்சினை நேரே காற்றால் குளிர்விப்பதே சிறந்தது என்பது அவர் வாதம். மோட்டார் சைக்கிளில் வென்ற முறை காரிலும் வெல்லும் என்று நம்பினார். 1969இல் இம்முறையில் வந்த ஹோண்டா 1300 கார், கனமாகவும் செலவு மிக்கதாகவும் அமைந்தது. புகை மாசைக் குறைக்க எஞ்சின் வெப்பநிலை சீராக இருத்தல் வேண்டும், அதற்கு நீரே ஏற்றது என்று இளம் பொறியாளர்கள் வாதிட்டனர். நிறுவனர் இசையவில்லை. இறுதியில் புஜிசாவா, தலைவராக இருக்க விருப்பமா, பொறியாளராக இருக்க விருப்பமா என்று வினவினார். ஹோண்டா தலைவர் பதவியைத் தேர்ந்து, நீர்க்குளிர்விப்புக்கு இசைந்தார். 1972இல் சிவிக் கார் வெளிவந்தது. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட சி.வி.சி.சி. எஞ்சின், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு அளவுகளை நிறைவுசெய்தது.

1973இல் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒருங்கே ஓய்வுபெற்றனர். அதன்பின் ஜப்பானெங்கும் உள்ள ஹோண்டா விற்பனை நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் நேரில் சென்று, ஊழியர்களுக்கு நன்றி கூறினார். 1991இல் கல்லீரல் செயலிழப்பால் டோக்கியோவில் காலமானார்.