ஊரே கடிகாரத்தைச் சரிசெய்த பஸ்: யார் இந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்?

பினாங்குத் தீவின் பின்பக்கத்தில், மலைக்கு அந்தப் புறம் இருக்கிறது பாலிக் புலாவ். ஜெட்டியில் 401இ பஸ் ஏறினால் கொம்தார், பாயான் லெப்பாஸ், விமான நிலையம் என்று சுற்றிக்கொண்டுதான் வந்து சேர முடியும். தெலுக் பஹாங் பக்கமிருந்து வருபவர்களுக்கு 501. டுரியான் சீசனில் ஊருக்குள் கார்கள் நிரம்பினாலும், கார் இல்லாத மாணவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இன்றும் பஸ்தான் கதி.

ஒரு பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்தது எப்ப வரும்னு கைப்பேசியைப் பார்ப்பார்கள், சாலையைப் பார்ப்பார்கள், மறுபடியும் கைப்பேசியைப் பார்ப்பார்கள். நேரம் ஆக ஆக வரிசை குலையும். பஸ் வந்ததும் எல்லாரும் ஒரே கதவை நோக்கிப் போவார்கள். பயணிகளுக்கு ஒழுங்கு இல்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

ஆனால் பயணிகளின் ஒழுங்கு எங்கிருந்து தொடங்குகிறது? நூறு ஆண்டுகளுக்கு முன்பு, மதுரையில் ஒருவர் இதற்குத் தன் தொழிலாலேயே பதில் சொன்னார். அவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகளை மோட்டார் சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் இவர்தான். ஆனால் அவர் தொடங்கியது மோட்டார் சைக்கிளில் இல்லை, பஸ்ஸில்.

வக்கீல், ரயில்வே, வங்கி: பிறகு ஏன் பஸ்?

சுந்தரம் ஐயங்கார் 1877 மார்ச் 22 அன்று திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தார். பெயரின் முன்னால் இருக்கும் 'டி' அந்த ஊரைத்தான் குறிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், பழமையான பெருமாள் கோவிலைச் சுற்றி அமைந்த ஊர் அது.

மகன் வக்கீல் ஆக வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். அந்தக் காலத்தில் படித்த ஐயங்கார் வீட்டுப் பிள்ளைக்கு வக்கீல் தொழில் அல்லது அரசாங்க வேலை, இரண்டில் ஒன்று என்பதுதான் வழக்கம். அவரும் வக்கீலாகத் தொடங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார், அதன் பிறகு வங்கியில். மூன்றுமே மாதம் தவறாமல் சோறு போடக்கூடியவை. மூன்றையும் விட்டார்.

1911-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கியபோது அவருக்கு வயது 34. அடுத்த ஆண்டு, 1912-ல், மதுரையில் பஸ் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்து ஒரு தொழிலாக வளர்வதற்கு அடித்தளம் போட்டது இதுதான் என்று சொல்லப்படுகிறது.

ரயில்வே அனுபவம் வீண்போகவில்லை. ரயிலுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடித்ததும் கிளம்பும். சாலையில் அப்படி ஒன்று அதுவரை இல்லை.

அதற்கு முன் மக்கள் எப்படிப் பயணித்தார்கள்?

பெரும்பாலும் நடந்து. வசதி இருந்தால் மாட்டு வண்டியில். மாட்டு வண்டி ஒரு மணி நேரத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டர் போகும். 40 கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் இரவில் கிளம்பி விடிந்த பிறகுதான் சேர முடியும். ரயில் இருந்தது, ஆனால் தண்டவாளம் போகாத கிராமங்கள்தான் அதிகம்.

மலேசியத் தமிழர்களின் குடும்பக் கதையும் இந்த இடத்தில் குறுக்கிடுகிறது. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு கங்காணிகள் மூலம் ஆள் சேர்ப்பது பெருகியது. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கிளம்பியவர்கள் நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பல் ஏறி பினாங்கு வந்தார்கள். பாயான் லெப்பாஸ் பக்கம் போகும்போது கடலில் தெரியும் ஜெரெஜாக் தீவில் அவர்களைத் தனிமைப்படுத்தி வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

அதாவது நம்ம தாத்தா பாட்டியின் முந்தைய தலைமுறை ஊரை விட்டுக் கிளம்பிய அதே ஆண்டுகளில்தான், அந்த ஊர்ச் சாலைகளில் முதல் பஸ்கள் வந்தன.

ஆள் சேரும்வரை நிற்காத பஸ்

அன்றைய பஸ் எப்படி இருந்திருக்கும்? இன்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். மேடு ஏறினால் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும். மண் சாலை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தனியார் பஸ் என்றால் சீட் நிறையும்வரை நிற்கும். அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. பாதி காலியாகக் கிளம்பினால் அந்தச் சவாரி நஷ்டம். அதனால் முதலில் வந்து ஏறியவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், கடைசியில் வந்தவர் உடனே கிளம்பிவிடுவார். சீக்கிரம் வருபவருக்குத் தண்டனை, தாமதமாக வருபவருக்குப் பரிசு. அப்புறம் யார் நேரத்துக்கு வருவார்?

சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் இதை மாற்றின. சொன்ன நேரத்தில் பஸ் கிளம்பும். ஒரே ஒரு பயணி இருந்தாலும் கிளம்பும். பெரிய மனிதர் ஒருவர் தூரத்தில் கை காட்டிக்கொண்டே வந்தாலும் கிளம்பிவிடும். டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணியைச் சரிசெய்துகொள்வார்கள் என்பது மதுரைப் பக்கத்தில் இன்றும் பெரியவர்கள் சொல்லும் பேச்சு.

இதில் பயணிகள் கற்றுக்கொண்டது என்ன? பஸ் காத்திருக்காது என்று தெரிந்ததும் அவர்கள் முன்கூட்டியே வரத் தொடங்கினார்கள். அடுத்த பஸ்ஸும் நேரத்துக்கு வரும் என்று நம்பியதால், இதிலேயே தொற்றிக்கொள்ள வேண்டிய அவசரம் குறைந்தது. சந்தைக்குப் போகிறவர் எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடிந்தது. ஒழுங்கை பஸ்தான் முதலில் காட்டியது. பயணிகள் அதற்குப் பின்னால் வந்தார்கள்.

காலியாகப் போன சவாரிகளில் பணம் போயிருக்கும். ஆனால் நேரத்துக்கு வரும் என்ற பெயர் கிடைத்துவிட்டால் மக்கள் அந்த பஸ்ஸைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கணக்கில்தான் அவருடைய தொழில் வளர்ந்தது. பின்னாளில் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளுமாகப் பெரிய அணியே ஓடியது.

லாடத்து ஆணிக்கு ஒரு காந்தம்

நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னால் மட்டும் போதாது. பஸ் ஏன் தாமதமாகிறது என்று ஒவ்வொரு காரணமாகத் தேடித் தீர்க்க வேண்டும்.

அன்று முக்கியமான காரணம் பஞ்சர். சாலையில் மாட்டு வண்டிகள்தான் அதிகம். மாட்டின் காலில் அடித்த லாடத்திலிருந்து ஆணிகள் கழன்று சாலையில் கிடக்கும். ரப்பர் டயர் அதன் மேல் ஏறினால் கதை முடிந்தது. இதற்காக, பஸ் போகும் சாலையில் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்பது டி.வி.எஸ். பற்றி அதிகம் சொல்லப்படும் செய்திகளில் ஒன்று.

டயர் தேய்ந்தால் தூக்கிப் போடாமல், மேலே புது ரப்பர் ஒட்டி மீண்டும் ஓட வைக்கும் ரீட்ரெடிங் ஆலையையும் அவர் தொடங்கினார். உதிரி பாகங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், வாகன விற்பனைக்கு சுந்தரம் மோட்டார்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தனித்தனித் தொழில்கள். உண்மையில் எல்லாமே ஒரு பஸ் நிற்காமல் ஓடத் தேவையான விஷயங்கள்.

போர்க்காலத்தில் கரியில் ஓடிய வண்டிகள்

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. இருக்கும் பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது. பஸ்களை நிறுத்திவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சுந்தரம் ஐயங்கார் வேறு வழி பார்த்தார். அடுப்புக் கரியை ஒரு கலனில் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்த வாயு வரும். அதை வடிகட்டி, குளிர்வித்து இன்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற பெயரில் அந்தக் கருவியை அவர் வடிவமைத்துத் தயாரித்தார். வேகம் குறையும், கிளம்பும் முன் கரியை மூட்டிக் காத்திருக்க வேண்டும், மேட்டில் திணறும். ஆனால் ஓடும்.

கடலுக்கு இந்தப் பக்கமும் அப்போது இதே நிலைதான். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த ஆட்சியில் மலாயாவிலும் கரி வாயுவில் வண்டிகள் ஓடின. மலாயாவின் ரப்பரும் ஜப்பானியரிடம் சிக்கியதால், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மற்ற இடங்களில் டயர் கிடைப்பது அரிதானது. இங்கே நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பருக்கும் அங்கே ஓடிய பஸ்ஸுக்கும் அவ்வளவு நெருக்கம்.

மகள் எடுத்த முடிவு

பஸ் கம்பெனியில் எல்லாமே அவர் சொன்னபடி நடந்திருக்கலாம். வீட்டில் அப்படி நடக்கவில்லை.

அவருடைய மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு மருத்துவருக்குத் திருமணம் செய்துகொடுத்தார்கள். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த கணவர் அந்த நோய்க்கே பலியானார். அந்தக் காலத்தில் ஒரு ஐயங்கார் குடும்பத்து இளம் விதவைக்கு மூலை அறைதான் வாழ்க்கை. ஆனால் பெற்றோர் அவரைப் படிக்க வைத்தார்கள். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார்.

டெல்லியில் காந்தியின் இயக்கத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அங்கே கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். வேறு மொழி, வேறு சாதி, அதிலும் விதவை மறுமணம். படிக்க அனுப்பிய அதே பெற்றோர் இதை எதிர்த்தார்கள். இருவரும் ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கட்டும் என்பது காந்தியின் யோசனை. அப்படியே இருந்தார்கள், மனம் மாறவில்லை. 1940-ல் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடந்தது.

டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947-ல் கணவருடன் சேர்ந்து, திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். பின்னாளில் மத்திய கல்வித் துறைத் துணை அமைச்சரும் ஆனார். காந்திகிராமத்தில் இன்று ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. சாலையில் பழைய வழக்கத்தை உடைத்த அப்பா, வீட்டில் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். மகள் அதைத் தாண்டிப் போனார்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். மகன்கள் தொழிலை விரிவாக்கினார்கள். டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது 1980-ல், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து.

ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கமான பஸ் குடும்பத்தின் கையில் நிற்கவில்லை. 1972-ல் தமிழக அரசு தனியார் பஸ் தடங்களை எடுத்துக்கொண்டபோது, மதுரையில் டி.வி.எஸ். பஸ்களைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது.

இது சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. லாபம் வராத கிராமத்துக்கும் பஸ் போக வேண்டும், ஏழைக்கும் கட்டணம் கட்டுப்படியாக வேண்டும் என்றால் அரசாங்கம் வேண்டும் என்பது ஒரு பக்கம். பொறுப்பாக நடந்த ஒரு சேவையை எடுத்துக்கொண்ட பிறகு அந்த நேர ஒழுங்கு காணாமல் போனது என்பது இன்னொரு பக்கம்.

பினாங்கிலும் இதே கேள்வி வந்தது

பினாங்கிலும் ஒரு காலத்தில் தனியார் பஸ்கள்தான். ஆயர் ஈத்தாம் பக்கம் லிம் செங் செங் பஸ், தெலுக் பஹாங் பக்கம் ஹின் கம்பெனி, பாலிக் புலாவ் பக்கம் மஞ்சள் பஸ். நிறத்தைப் பார்த்தே எங்கே போகும் என்று சொல்லிவிடலாம். ஹின் பஸ் நிறுத்தி வைத்த டிப்போ இன்று ஜோர்ஜ் டவுனில் ஓர் ஓவியக் கலைக்கூடம். அந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 2007-ல் அரசாங்கத்தின் ரேபிட் பினாங்கு வந்தது.

உரிமையாளர் யாராக இருந்தாலும், பாலிக் புலாவ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு வேண்டியது ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்கு பஸ் வர வேண்டும். வந்தால் வரிசை தானாக நிற்கும், சில்லறையை எண்ணி வைத்துக்கொள்ளப் பொறுமை இருக்கும், வயதானவருக்கு முதலில் வழி விடவும் மனம் வரும். வராவிட்டால் எத்தனை அறிவிப்புப் பலகை வைத்தாலும் தள்ளுமுள்ளு நிற்காது.

அடுத்த முறை பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் மதுரைச் சாலையோரத்தில் நின்றவர்கள் பஸ்ஸைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்தினார்கள்.