மயிலாப்பூர் வாத்தியார்

வாத்தியார் என்றால் நம்ம ஆட்களுக்கு ஒரு தனி மரியாதை. ஊருக்குக் கடுதாசி எழுத வாத்தியார், மனு எழுத வாத்தியார், திருவிழாக் கணக்குப் பார்க்கவும் வாத்தியார்தான். இந்த வாரம் அப்படி ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் மயிலை சீனி. வேங்கடசாமி. பேரைக் கேட்டதும் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தச் சம்பளத்தில் காலம் தள்ளியவர்.

1900-ஆம் ஆண்டு டிசம்பரில் மயிலாப்பூரில் பிறந்தார். தகப்பனார் சித்த வைத்தியர். பையனுக்கோ படம் வரைவதில் ஆசை. எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை, பாதியிலே விட வேண்டியதாயிற்று. பிறகு நீதிக்கட்சியின் 'திராவிடன்' பத்திரிகையில் கொஞ்ச காலம் வேலை. அதன் பின்னரே பயிற்சி பெற்று ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆனார். 1955-இல் ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. புத்தகமும் கல்வெட்டுமே அவருக்குக் குடும்பம்.

பிறந்த ஊரிலேயே தோண்டத் தோண்டச் சேதி கிடைத்தது. மயிலாப்பூர் என்றால் நமக்குக் கபாலீசுவரர் கோயில்தான் ஞாபகம் வரும். ஆனால் பழைய கோயில் கடலோரத்தில் இருந்ததாகவும், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் காலூன்றிய பிறகு அது அழிந்ததாகவும் ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். அதே கடலோரத்தில் நேமிநாதர் என்ற சமணக் கடவுளுக்கும் ஒரு கோயில் இருந்தது. நேமிநாதம் என்று ஓர் இலக்கண நூல் இருக்கிறதே, அதற்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். கடல் ஏறி வருகிறது என்று பயந்து அந்தச் சிலையைச் சித்தாமூருக்குக் கொண்டுபோனதாகச் சமணர்கள் சொல்வார்கள். தினமும் அந்தத் தெருக்களில் நடக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? நம்ம வாத்தியார் விடவில்லை. அந்த நேமிநாதர் மேல் பாடிய பதிகத்தைத் தேடிப் பிடித்துப் பதிப்பித்தார்.

கல்வெட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காகப் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் எல்லாம் கற்றார். மலையாளமும் கன்னடமும் தெரிந்துகொண்டார். 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்', 1940-இல் 'பௌத்தமும் தமிழும்', 1954-இல் 'சமணமும் தமிழும்' என்று வரிசையாக எழுதினார். யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், தமிழுக்குச் செய்ததை மறைக்கக் கூடாது என்பது அவர் வழி. அச்சுப் புத்தகமும் உரைநடையும் வளர்ந்ததில் பாதிரிமார்களுக்கு இருந்த பங்கை அவர் ஒளிக்கவில்லை. பௌத்தரும் சமணரும் எழுதியதைத் தள்ளிவிட்டால் தமிழில் எவ்வளவு குறைந்துபோகும் என்பதையும் விளங்க வைத்தார். இதை எழுத அந்தக் காலத்தில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

எனக்குப் பிடித்தது 1959-இல் வந்த 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. இல்லாத புத்தகங்களைப் பற்றி ஒரு புத்தகம்! ஏடு சில நூறு வருஷம்தான் தாங்கும். அதற்குள் வேறு ஏட்டில் பார்த்து எழுதி வைக்காவிட்டால் கரையான் தின்றுவிடும், நெருப்பில் போகும், வெள்ளத்தில் போகும். எழுதி வைக்க ஆள் இல்லாமல் போனவை எத்தனையோ. வளையாபதி, குண்டலகேசி என்ற இரண்டு பெருங்காப்பியங்களிலும் நமக்கு மிஞ்சியவை சில பாட்டுகள்தான். பழைய உரைகாரர்கள் தங்கள் உரையில் நடுநடுவே இந்த நூலில் இப்படி இருக்கிறது என்று ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நூல் போய்விட்டது, அந்தப் பாட்டு மட்டும் உரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இவர் உரை உரையாகத் துழாவி, கல்வெட்டையும் பார்த்து, நூலின் பெயர், கிடைத்த பாட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தார். இழவு வீட்டில் உட்கார்ந்து, போனவர்களின் பேரைக் குறித்து வைப்பது மாதிரியான வேலை.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம தோட்டம்தான் ஞாபகம் வந்தது. நான் வளர்ந்த தோட்டத்தில் ஒருநாள் ஆபீசைச் சுத்தம் செய்து, பழைய செக்ரோல் புத்தகங்களைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார்கள். எங்க தாத்தா பேரும் அதில் இருந்திருக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுபது வயதைத் தாண்டியும் அவர் ஓயவில்லை. 3-ஆம் நூற்றாண்டு முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை களப்பிரர் ஆண்டதை இருண்ட காலம் என்று வரலாற்றுக்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலும் நூல்கள் பிறந்தன, சமயங்கள் வளர்ந்தன, வட்டெழுத்து உருவானது என்று 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்' நூலில் வாதாடினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் இருண்ட காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இப்போது பலரும் தயங்குகிறார்கள்.

1980-இல் காலமானார். பின்னர் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், கிடைப்பது கஷ்டமில்லை. ஆராய்ச்சிப் புத்தகம் என்று பயந்துவிடாதீர்கள். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, மறைந்துபோன நூல்களில் தினம் ஒன்றாகப் படித்துப் பாருங்கள். பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, நாம் கேட்டாலும் சரிதான்.