தன் பெயருக்கே உரிமை இல்லாமல் போன வீரன்: ஜிம் தோர்ப்

கடந்த வருடம் ஆலையடிவேம்பில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளை மாகாண மட்ட ஓட்டப் போட்டியில் முதலிடம் பெற்றவள். வீதியில் அவளுடைய படத்துடன் பெரிய பெனர் ஒன்று தொங்கியது. மேலே வாழ்த்து. கீழே இரண்டு கடைகளின் பெயர்களும் ஒரு டியூட்டரியின் தொலைபேசி இலக்கமும். படத்தைப் போட முன்னர் யாரும் தங்களிடம் கேட்கவில்லை என்றார் அவளை வளர்க்கும் அம்மம்மா. பிள்ளையிடம் ஓடுவதற்கு நல்ல சப்பாத்து கூட இல்லை.

அன்று இரவு எனக்கு ஜிம் தோர்ப்பின் ஞாபகம் வந்தது. ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஒருவருடைய படத்துக்கு யார் உரித்தாளர் என்ற பாடத்துக்காகத் தேடியபோது அறிமுகமானவர் அவர்.

தோர்ப் 1887இல், இன்று ஒக்லஹோமா எனப்படும் நிலப்பகுதியில், சாக் அன்ட் ஃபொக்ஸ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடையே பிறந்தார். 1904இல் பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். 1879இல் ஓர் இராணுவ அதிகாரி தொடங்கிய பாடசாலை அது. பூர்வகுடிப் பிள்ளைகளின் தலைமுடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியைத் தடுத்து, அவர்களை வேறு மனிதர்களாக்குவதே அதன் நோக்கம். வீடு திரும்பாமலே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் அங்கே இன்றும் இருக்கின்றன.

அதே பாடசாலைக்குப் புகழ் தேடிக்கொடுத்தவர் தோர்ப். 1911இல் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை கார்லைல் 18க்கு 15 என்று வென்றது. அந்த வெற்றி பெரும்பாலும் அவருடைய காலால் வந்தது. இவரைப் பார்க்கச் சனம் திரண்டது. நுழைவுச்சீட்டுப் பணம் பாடசாலையின் விளையாட்டு நிதிக்குப் போனது.

1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து அம்சப் போட்டியிலும் பத்து அம்சப் போட்டியிலும் தங்கம் வென்றார். அங்கு எடுத்த ஒரு புகைப்படத்தில் அவருடைய இரண்டு கால்களிலும் வெவ்வேறு சப்பாத்துகள் இருக்கின்றன. அவர் அமெரிக்காவுக்காக ஓடிய அந்த வருடத்தில், அவருடைய இனத்தவர் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை இருக்கவில்லை. அது 1924இல்தான் சட்டமானது.

1913 ஜனவரியில் ஒரு பத்திரிகை செய்தி வெளியிட்டது. 1909, 1910ஆம் ஆண்டுகளில் வட கரோலைனாவில் சிறு சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடியிருந்தார் தோர்ப். கூலி வாங்கியவர் தொழில்முறை வீரர், அவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்பது அன்றைய விதி. அப்படி ஆடிய கல்லூரி மாணவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் பொய்ப் பெயர் கொடுத்தார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். ஆட்சேபனைகளை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பதக்கங்களைப் பறித்தார்கள். அவரால் பெயர் பெற்ற பயிற்றுநரும் பாடசாலையும் தமக்கு எதுவும் தெரியாது என்று கைகழுவினார்கள்.

பிறகு அவர் தொழில்முறை வீரராக பேஸ்போலும் உதைபந்தாட்டமும் ஆடினார். வயது ஏறியபோது பணம் தங்கவில்லை. சினிமாவில் சிறு வேடம் போட்டார், கான் வெட்டினார். தன் வாழ்க்கைக் கதையின் திரைப்பட உரிமையை வெறும் 1,500 டொலருக்கு விற்றார். 1951இல் அந்தக் கதை படமாக வெளிவந்தது. இரண்டு வருடங்களில், 1953 மார்ச் 28 அன்று, கலிஃபோர்னியாவில் வறுமையில் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஒக்லஹோமாவில் அவருடைய மக்கள் முறைப்படி இறுதிச் சடங்கு செய்துகொண்டிருந்தபோது, மூன்றாவது மனைவி இடையில் புகுந்து உடலைக் கொண்டுபோனார். 1954இல் பென்சில்வேனியாவின் இரண்டு சிற்றூர்கள் ஒன்றாகி, ஜிம் தோர்ப் என்று பெயர் சூட்டிக்கொண்டு, அந்த உடலைப் பெற்றன. உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்பது கணக்கு. அவர் அங்கே வாழ்ந்ததே இல்லை. மகன்மார் நீதிமன்றம் போனார்கள். முதலில் வென்று, 2014இல் மேன்முறையீட்டில் தோற்றார்கள். 2015இல் உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. ஓர் உடலுக்காக வாசல் வாசலாக அலைவது எப்படி என்று இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சட்டம் மாறியது மெதுவாகத்தான். நம் உயரம் பாய்தல் வீரர் எதிர்வீரசிங்கம் படித்த லொஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபனன், தன் உருவத்தைக் கணினி விளையாட்டொன்றில் பயன்படுத்தியதை எதிர்த்து 2009இல் வழக்குப் போட்டார். 2019இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது: மாணவ வீரர் தன் பெயர், படம், உருவம் ஆகியவற்றால் சம்பாதித்தால் கல்லூரி அவரைத் தண்டிக்க முடியாது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கார்லைல் இருந்த பென்சில்வேனியாவும் 2021இல் இணைந்தது. 2022 ஜூலையில் தோர்ப்பை அந்த இரண்டு போட்டிகளின் தனி வெற்றியாளராக ஒலிம்பிக் குழு மீண்டும் அறிவித்தது. அவர் இறந்து 69 வருடங்கள்.

ஆலையடிவேம்பு அம்மம்மாவின் மூத்த மகன் 1990இல் காணாமல் போனவர். அவருடைய ஒரேயொரு படத்தைப் பிரதி எடுத்து எடுத்துக் கோவைகளில் வைத்திருக்கிறார். யாருக்குக் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறார். ஒரு முகத்தின் பெறுமதி அவருக்குத் தெரியும்.

எங்கள் பாடசாலைகளும் கடைக்காரர்களும் நன்மை நினைத்துத்தான் பெனர் கட்டுகிறார்கள். அதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு தரம் போய்க் கேளுங்கள். அந்தப் படத்தால் கடைக்கு வியாபாரம் வருமென்றால், பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்தாவது வரட்டும்.