'முஸ்லிம் நேசன்' கண்ட அறிஞர் சித்திலெப்பை

நம் சமுதாயத்தின் கல்வி மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைவுகூரத் தக்கவர் இலங்கை தந்த பேரறிஞர் மர்ஹூம் முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள். அவர்களின் பெயரை அறிந்த பலரும் அவர்கள் நடத்திய ஏட்டின் வரலாற்றை அறிந்திருப்பதில்லை. ஆதலின் அதனையும் சேர்த்து இங்கே சுருக்கமாகத் தருகின்றோம்.

1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டி மாநகரில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதலாக வழக்கறிஞர் தொழில் புரிந்தவர். தந்தையின் வழியில் மைந்தரும் சட்டம் பயின்று கண்டியில் புகழ் பெற்றார்கள். அரபும் தமிழும் ஆங்கிலமும் அவர்களுக்குக் கைவந்திருந்தன. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வாழ்வு அவர்கள் முன் விரிந்து கிடந்தது.

ஆயினும் சமுதாயத்தின் நிலை அவர்களை வாட்டியது. அக்காலத்தில் ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் கிறித்தவ மிஷன்களின் கையில் இருந்தன. பிள்ளைகளை அங்கு அனுப்பினால் ஈமானுக்குப் பங்கம் நேருமோ என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தைக் குறை கூறிவிட இயலாது. ஆனால் அதன் விளைவாக ஒரு தலைமுறையே நவீனக் கல்வியின்றிப் பின்தங்கியது. அச்சத்தைப் பழிப்பதை விட, அச்சமின்றிப் பயிலத்தக்க பள்ளிகளை நாமே அமைப்பதே வழி என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இந்தக் கருத்தை வீடுதோறும் கொண்டு சேர்க்க ஓர் ஏடு தேவைப்பட்டது.

1882ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வார ஏடாக வெளிவந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழும், தமிழ் எழுத்தும் அதில் இடம்பெற்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. குர்ஆன் ஓதப் பயின்றிருந்தும் தமிழ் எழுத்தை அறியாதோர், குறிப்பாகப் பெண்கள், அந்நாளில் ஏராளம். அவர்களையும் வாசகராக்கியது அந்த ஏடு.

ஏடு தோன்றிய அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் உராபி பாஷா தம் தோழர்களுடன் கொழும்பு வந்து சேர்ந்தார். அவரின் நட்பு சித்திலெப்பை அவர்களின் கல்விப் பணிக்குப் பெருந்துணையாயிற்று. 1884இல் கொழும்பில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். போதிய ஆதரவின்றி அது நிலைபெறவில்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. வாப்பிச்சி மரைக்கார் போன்ற பெரியோர்களும் தோள்கொடுக்க, 1892இல் மருதானையில் எழுந்த மத்ரஸாவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியபோது, தம் சகோதரியையே அங்கு கற்பிக்கச் செய்தார்கள். ஊருக்கு உரைத்ததைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கிய பண்பு அது.

1885இல் வெளிவந்த 'அஸன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறி ஆறே ஆண்டுகளில் இது வந்தது. 1892இல் 'ஞானதீபம்' என்னும் இதழையும் அவர்கள் தொடங்கினார்கள். மெய்ஞ்ஞானம் பற்றிய 'அஸ்ராருல் ஆலம்' என்ற நூலும் அவர்கள் இயற்றியதே. 1898 பிப்ரவரி 5ஆம் நாள் அறுபது வயது நிறையுமுன் இறையடி சேர்ந்தார்கள். இலங்கை அரசு 1977இல் அவர்களின் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

வழக்கறிஞர் தொழிலில் பொருள் குவித்திருக்க வேண்டிய காலத்தை அவர்கள் ஏட்டிற்கும் பள்ளிக்கும் ஈந்தார்கள். பள்ளி இன்றும் நிற்கின்றது. அதன் பயனைத் தலைமுறைகள் நுகர்கின்றன. ஏடோ அத்தகைய பேறு பெறவில்லை. படித்து முடித்த வார ஏட்டைப் பேணி வைப்போர் எந்நாளும் சிலரே. அரபுத் தமிழைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தோரும் நம்மிடையே அருகி வருகின்றனர். எழுத்தை வாசிக்க ஆளில்லாத வீட்டில் ஏடு வெறும் தாளாகிவிடுகின்றது.

நம் ஜமாஅத்தார் இல்லங்களிலும் பாட்டனார் காலத்துப் பெட்டிகளில் அரபுத் தமிழ்க் கிதாபுகளும் பழைய இதழ்களும் இருக்கக்கூடும். அவற்றைப் பழந்தாள் வணிகரிடம் போடுமுன், வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்துங்கள். சித்திலெப்பை அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும். அன்னாரின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன்.