ரங்கப் பிள்ளை வீட்டு உத்தரம்

ரங்கப் பிள்ளை வீதியில் நாம எல்லாருமே நடந்திருப்போம். பெரிய மார்க்கெட் பக்கம் போற வீதி. ஆனா அந்தப் பிள்ளை யாருன்னு கேட்டா போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிய வச்சது எங்க பாட்டி வீட்டு உத்தரம்.

மழையில மாடி ஒழுகி, தேக்கு உத்தரத்தோட முனை மக்கிப் போச்சு. மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரால குத்தினார். வேகவச்ச கிழங்குல இறங்குற மாதிரி இறங்குச்சு. இதே மாதிரி மர வேலை ரங்கப் பிள்ளை மாளிகையில இருக்கு, போய்ப் பாருன்னார். பார்த்தேன், அப்புறம் படிச்சேன்.

ஆனந்த ரங்கப் பிள்ளை 1709-ல் பெரம்பூரில் பிறந்தவர். உறவினரான நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்ததால் குடும்பம் இங்கே வந்தது. அந்த நைனியப் பிள்ளை கவர்னரின் கோபத்துக்கு ஆளாகி 1717-ல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப் பிள்ளை பிரான்ஸ் வரைக்கும் போய் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. அப்போ ரங்கப் பிள்ளைக்கு எட்டு வயசு. பதவி எவ்வளவு வழுக்கும்னு சின்ன வயசிலேயே பார்த்துட்டார்.

1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சவர், இருபத்தைந்து வருஷம் எழுதினார். கப்பல் வரவு, சரக்கு விலை, பீரங்கி மரியாதை, யார் யாரைப் பத்திக் கோள் சொன்னாங்க, எல்லாமே இருக்கு. தன் பெருமையையும் விடலை! சொந்தக் கப்பல் வச்சிருந்த வியாபாரி. 1747-ல் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். 1754-ல் டூப்ளே ஊருக்குக் கிளம்பியதும் சரிவுதான். 1756-ல் பதவி போச்சு, உடம்பும் கெட்டது. 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் முற்றுகைக்குள்ளேயே இறந்தார். அதே மாசம் ஊரும் வீழ்ந்தது. கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் இடிச்சுத் தள்ளினாங்க.

தமிழர் பகுதியில் இருந்த அவர் வீடு தப்பிச்சது. கீழே முற்றத்தைச் சுத்தி செதுக்கிய மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு பாணித் தூண்கள். பீரங்கிக்குத் தப்பினாலும், மரத்துக்கு எதிரி தண்ணிதான். நம்ம ஊர் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் உத்தரம் நடுவில் பார்க்க நல்லா இருக்கும். சுவருக்குள்ள போற முனைதான் காத்து இல்லாம, ஈரம் காயாம, பூஞ்சை பிடிச்சு மக்கும். வெளியே தெரியவே தெரியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் இடிஞ்சு விழுந்தப்போ நான் ஸ்கூல் பையன். பராமரிக்காம விட்ட பழைய கட்டடத்துக்கு ஒரு மழை போதும்.

பாட்டி வீட்டை மொத்தமா இடிச்சு கான்கிரீட் போடலாம்னு சித்தப்பா சொன்னார். லாபக் கணக்கும் காட்டினார். மேஸ்திரி ஒத்துக்கலை. முதல்ல மாடித் தண்ணி போற குழாயின் அடைப்பை எடுத்தார். அப்புறம் முட்டுக் கொடுத்து, மக்கின முனையை வைரம் தெரியுற வரைக்கும் அறுத்து, பழைய தேக்குத் துண்டை சாய்வா வெட்டிப் பொருத்தினார். ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நாலு போல்ட். முனையைச் சுத்தி விரல் அளவு இடைவெளி விட்டார், காத்துக்கு.

வேலை மூணு நாள். பாட்டி இப்போ மறுபடியும் அதே உத்தரத்துக்குக் கீழேதான் கட்டில் போட்டிருக்காங்க.