மூங்கிலும் கஞ்சிக்கலயமும்

கல்வியின் முதற்பயன் யாது என்று ஆசிரியரை வினவினான் ஒரு சிறுவன். தேர்வில் வென்று பதவி பெறுவதே என்றார் ஆசிரியர். சிறுவன் உடன்படவில்லை, சான்றோன் ஆவதே முதற்பயனாக இருக்கவேண்டும் என்றான். 1472-இல் சீனத்தின் யூயாவ் என்னும் ஊரில் பிறந்த அவனே, பின்னாளில் வாங் யாங்மிங் எனப் புகழ்பெற்ற மெய்யறிஞர்.

சான்றாண்மை பிறப்பால் வருவதன்று, முயன்றால் எவரும் எய்தலாம் என்பது கன்பூசிய நெறி. பொருள்தோறும் உறையும் நியதியை ஆராய்ந்தறிதலே அதற்கு வழி எனப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் ஜூ ஸி வகுத்திருந்தார். இளைஞர் வாங், நண்பர் ஒருவரோடு மூங்கில்களை நோக்கி அமர்ந்தார். மூன்றாம் நாள் நண்பர் நோயுற்றார். ஏழாம் நாள் இவரும் வீழ்ந்தார். சான்றோராகும் பேறு தமக்கில்லை என இருவரும் பெருமூச்செறிந்தனர்.

1499-இல் தேர்வில் வென்று அரசுப்பணி ஏற்றார். 1506-இல், அரசவையை ஆட்டிப்படைத்த லியூ ஜின்னின் பகைக்கு ஆளான அலுவலர்க்காக மன்னருக்கு விண்ணப்பித்தார். கிடைத்தவை கசையடியும் சிறையும். பின்னர்த் தென்மேற்கு மலைக்காட்டில் லோங்சாங் அஞ்சல் நிலையப் பணி.

1508-இல் அங்கு வாழ்வு சாவின் விளிம்பில் நின்றது. தமக்கெனக் கற்பெட்டி ஒன்று செய்துவைத்து, இறப்பை எதிர்நோக்கி அமைதியில் அமர்ந்தார். உடன்வந்த பணியாளர் நோயுற்றபோது தாமே விறகு பிளந்தார், நீர் சுமந்தார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார். அவர்தம் மனம் தேற ஊர்ப்பாட்டும் பாடினார். இந்நிலையில் ஒரு சான்றோன் வேறென்ன செய்வான் எனத் தம்மையே வினவினார். ஒரு நள்ளிரவில் தெளிவு பிறந்தது: சான்றோர் நெறிக்கு வேண்டுவன யாவும் தம் இயல்பிலேயே நிறைந்துள்ளன, புறத்தே தேடியதே பிழை.

அறிவும் செயலும் ஒன்றே என மறு ஆண்டு முதல் கற்பித்தார். பெற்றோரைப் பேணாதவன் பேணுதலை அறிந்தவனே அல்லன் என்பது அவர் துணிபு. அவ்வாண்டே, பெயரறியா வழிப்போக்கர் மூவர் மலையில் மாண்டுகிடக்க, தயங்கிய பணியாளரைத் தேற்றி அழைத்துச் சென்று புதைத்து, இரங்கலுரையும் எழுதினார்.

1519-இல் நிங் இளவரசரின் கிளர்ச்சியை அடக்கினார். 1529-இல், படைப்பணி முடித்துத் திரும்பும் வழியில் படகில் உயிர்நீத்தார். அரசவை அவர் கொள்கையைப் பொய்க்கல்வி எனப் பழித்தது. 1584-இல் கன்பூசியர் கோயிலில் இடமளித்தது.

நூலறிவைத் தொழிலாகக் கொண்ட என்போன்றோரையும், அருளைப் பாடும் கவிஞரையும் அக்கஞ்சிக்கலயம் ஒருசேர வினவுகிறது. ஊட்டாத கை அருளை எங்ஙனம் அறியும்?